செடி வாழ, ஒரு கலம் சாகிறது

(சங்கத்தின் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. மலருக்காக எழுத்தில் தரப்படுகிறது.)

 

இந்த வருசம் என்ன தலைப்பில் பேசப் போறியள் என்று செயலாளர் தம்பி தொலைபேசியில் கேட்டார். "சாவைப் பற்றி" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "ஐயா, நல்ல நாளும் பெருநாளுமா உதையே கதைக்கப் போறியள்?" என்றார். "பயப்படாதையும் தம்பி, மனிசற்ற சாவு இல்லை. ஒரு இலையில ஊசிமுனையளவு இடம் சாகிறதைப் பற்றி" என்று சொன்ன பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

ஊரில் நான் உயிரியல் படிப்பித்த வாத்தியார் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். இங்கே வந்து இருபது வருசத்துக்கு மேலாக ஒரு உணவகத்தின் சமையலறையில் கோப்பை கழுவி, உருளைக்கிழங்கு உரித்துப் பென்சன் எடுத்தவன் என்பதும் தெரியும். இப்போது நகரசபைக்காரர் வாடகைக்குத் தந்த சின்னத் தோட்டத்துண்டு ஒன்றில் பொழுது போகிறது. கத்தரி, மிளகாய், போஞ்சி வைக்கிறேன். இந்தப் பேச்சும் அந்தப் போஞ்சியில்தான் தொடங்கியது.

போன கோடையில் இரண்டு வரிசை போஞ்சி போட்டேன். ஒரு வரிசை கடையில் வாங்கிய பக்கெற் விதை. மற்ற வரிசை, பக்கத்துத் துண்டில் தோட்டம் செய்கிற ஒரு வயதான சுவிஸ் அம்மா தந்த விதை. தன்னுடைய தாயார் காலத்திலிருந்து வைத்திருக்கிற விதை என்று சொல்லித் தந்தவ. ஆடி மாதம் நல்ல மழை. கடைப் போஞ்சியின் இலைக்கு அடியில் கபில நிறத் தூள் வந்தது. தொட்டால் விரலில் ஒட்டும். துருநோய். அம்மா தந்த வரிசையில் தூள் இல்லை. ஆனால் இலையெல்லாம் ஊசியால் குத்தினமாதிரிச் சின்னச் சின்னக் கபிலப் பொட்டுகள். இதுக்கும் நோய் பிடித்துவிட்டது என்று நினைத்து நான் அந்த வரிசையைப் பிடுங்கக் குனிந்துவிட்டேன். "விடு, அதுக்கு ஒன்றுமில்லை" என்று அந்த அம்மா வேலிக்கு அங்கால நின்று கத்தினா.

அவ சொன்னது சரி. இருபது நாளில் கடைப் போஞ்சி இலை உதிர்ந்து காய்ந்தது. பொட்டு விழுந்த போஞ்சி புரட்டாதி வரைக்கும் காய்த்தது. வகுப்பில் பிள்ளைகளுக்கு இதைப் படம் கீறிப் படிப்பித்தவன் நான். கண்ணுக்கு முன்னால் வந்தபோது எனக்கே தெரியாமல் போய்விட்டது. அந்த வெட்கத்தில்தான் பழைய புத்தகங்களையும் புதிய கட்டுரைகளையும் எடுத்து மறுபடி படித்தேன். படித்ததை இன்று உங்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

இலையில் ஒரு பொட்டுக் கண்டால், நோய் அந்த இடத்தைக் கொன்றுவிட்டது என்றுதான் நாங்கள் நினைக்கிறோம். சில பொட்டு அப்படித்தான். ஆனால் வேறு சில பொட்டுகளில் அந்தக் கலங்களைக் கிருமி கொல்லவில்லை. செடியே தன் பரம்பரையலகுகளில் எழுதி வைத்திருக்கும் ஒரு கட்டளையின்படி, அந்த ஒரு சில கலங்களைச் சாகவிட்டிருக்கிறது. மற்றக் கலங்கள் வாழ்வதற்காக. பார்வைக்கு இரண்டும் ஒரே பொட்டுத்தான். உள்ளே நடந்த கதை வேறு வேறு.

ஏன் இப்படி ஒரு ஏற்பாடு? எங்கள் உடம்பில் வெண்குருதிக் கலங்கள் ஓடித் திரிகின்றன. காலில் முள்ளுக் குத்தினால் அங்கே ஓடிப் போகும். செடியில் அப்படி ஓடித்திரிகிற காவற்காரர் இல்லை. ஒவ்வொரு கலமும் தன் சுவருக்குள் இருக்கிறது. தன் வீட்டை ஒவ்வொன்றும் தானே காக்க வேண்டும். செடியால் எழும்பி வேறு இடத்துக்கு ஓடவும் முடியாது. நாங்கள் ஓடி வந்தோம். அது நின்ற இடத்திலேயே நின்று சமாளிக்க வேண்டும்.

துருநோய்ப் பங்கசு இலைவாயால் உள்ளே போகும். போய், கலத்தைக் கொல்லாது. கலச்சுவரைத் துளைத்து உறிஞ்சுகிற உறுப்பு ஒன்றை உள்ளே விட்டு, உயிரோடு இருக்கிற கலத்திடமிருந்தே சாப்பாட்டை இழுக்கும். அந்தப் பங்கசுக்கு உயிருள்ள கலம் வேண்டும். கலம் செத்தால் அதுவும் பட்டினி. ஆகவே பங்கசு கால் வைத்தவுடனேயே அந்தக் கலம் செத்துவிட்டால், வந்தவனுக்கு அங்கே சோறில்லை. செடி கண்டுபிடித்த உபாயம் அதுதான்.

இதை மனிதன் எப்படிக் கண்டுகொண்டான் என்று தேடிப் போனால், கதை எங்கள் நாட்டுக்கே வருகிறது. இலங்கைக் கோப்பிக்கு.

இப்போது இலங்கை என்றால் தேயிலை. அதற்கு முன் மலைநாடெல்லாம் கோப்பிதான். 1820களிலிருந்து தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்தார்கள். கடல் கடந்து மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டுப் பாதையால் நடந்து மாத்தளைக்கும் கண்டிக்கும் போனார்கள். வாந்திபேதியாலும் பசியாலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். கோப்பி பறிக்கிற காலத்துக்கு வருவதும், முடிய ஊருக்குத் திரும்புவதுமாக இருந்தது அந்த வாழ்க்கை. 1870 அளவில் இலங்கை ஆண்டொன்றுக்கு 10 கோடி இறாத்தல் கோப்பி ஏற்றுமதி செய்தது.

அதற்கு முதல் வருசம், 1869 இல், மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் தூள் கண்டார்கள். பேராதனைத் தாவரவியல் தோட்டத்தின் பணிப்பாளர் துவெயிற்ஸ் அந்த இலையை இங்கிலாந்தில் இருந்த பாதிரியார் பேர்க்லிக்கு அனுப்பினார். அவர் பங்கசு ஆராய்ச்சியில் பெயர்போனவர். புதுப் பங்கசு என்று கண்டு ஹெமிலேயா வஸ்தாத்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார். வஸ்தாத்ரிக்ஸ் என்றால் லத்தீனில் அழிப்பவள். பொருத்தமான பெயர்தான். இருபது வருசத்துக்குள், 1889 இல், ஏற்றுமதி சுமார் 50 இலட்சம் இறாத்தலுக்கு விழுந்தது. 20 இல் ஒரு பங்கு. 1884 இல் ஓரியன்டல் வங்கி முறிந்தது. தோட்டத்துரைமார் பலர் கடனாளியாகிப் போனார்கள். அவர்கள் கோப்பிக் கட்டைகளைப் பிடுங்கித் தேயிலை வைத்தார்கள். தேயிலைக்குப் பருவமில்லை, வருசம் முழுக்கக் கொழுந்து பறிக்க ஆள் வேண்டும். ஆகவே வந்து போன சனம் லயத்துக் காம்பிராக்களில் நிரந்தரமாகத் தங்கியது. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களின் பிள்ளைகளிடம் 1948 இல் குடியுரிமை இல்லை என்று சட்டம் போட்டார்கள். கடதாசி இல்லாமல் இருப்பது என்னவென்று இந்த மண்டபத்தில் இருப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஒரு பங்கசு ஒரு சனத்தின் தலையெழுத்தில் எவ்வளவு தூரம் எழுதியிருக்கிறது என்று மட்டும் யோசித்துப் பாருங்கள்.

1880 இல் இந்த நோயை ஆராய இங்கிலாந்திலிருந்து ஒரு இளைஞரை அனுப்பினார்கள். ஹரி மார்ஷல் வார்ட். அப்போது அவருக்கு 26 வயதுதான். இரண்டு வருசம் இலங்கையில் இருந்தார். வித்தி காற்றில் வருகிறது, ஈரத்தில் முளைக்கிறது, இலைவாயால் உள்ளே போகிறது என்று ஒவ்வொரு படியாகக் காட்டினார். காடு முழுக்க வெட்டி, ஒரே பயிரை மலைக்கு மலை இடைவெளியில்லாமல் நட்டால் பங்கசுக்கு விருந்து வைத்த மாதிரித்தான் என்றும் சொன்னார். ஆனால் பரிகாரம் அவரால் கொடுக்க முடியவில்லை. கோப்பி போய்விட்டது. அவரும் போய்விட்டார்.

அவர் மறக்கவில்லை போலும். கேம்பிரிஜ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தபோது துருநோயைத்தான் மறுபடி எடுத்தார். இந்தமுறை புரோம் என்கிற ஒரு வகைப் புல்லில். 1902 இல் அவர் எழுதிய கட்டுரையில் ஒரு புதுமை இருந்தது. நோய் பிடிக்கிற புல்லில் பங்கசும் கலமும் பல நாள் சமாதானமாக இருக்கின்றன. நோய் பிடிக்காத புல்லில், பங்கசு உள்ளே போன இடத்துக் கலங்கள் சட்டென்று செத்துவிடுகின்றன. பங்கசு மேலே போகாமல் நின்றுவிடுகிறது. எதிர்ப்பில்லாத புல்லுக்குத்தான் கலம் சாகும் என்று நாங்கள் நினைப்போம். கண்டதோ நேர்மாறு. 1915 இல் அமெரிக்காவில் கோதுமைத் துருநோயை ஆராய்ந்த ஸ்ரேக்மன் இதற்கு மிகை உணர்வு என்று பெயர் வைத்தார். அந்தப் பெயர் இன்றைக்கும் நிற்கிறது.

இலங்கையில் நட்ட கோப்பியிடம் குறைவாக இருந்தது அந்த மிகை உணர்வுதான். வந்த பங்கசைக் கண்டுபிடித்துக் கலத்துக்குக் கட்டளை கொடுக்கக்கூடிய வலுவான பரம்பரையலகு அதனிடம் இருக்கவில்லை. கலங்கள் சாகவில்லை. பங்கசை உள்ளே வைத்துச் சோறு போட்டன. அதனால் மரமே பட்டுப்போனது.

அந்தக் கட்டளை என்ன, எங்கே இருக்கிறது? இதற்கு எங்கள் யாழ்ப்பாணத்துப் புகையிலை நல்ல உதாரணம். என் அப்பு புகையிலைத் தோட்டக்காரர். கன்றில் கைவைக்க முதல் கையைக் கழுவச் சொல்லுவார். "சுருட்டுக் கையோட கன்றைத் தொடாதை" என்று மாமாமாரைப் பேசுவார். அதில் விசயம் இருக்கிறது. புகையிலைச் சித்திர வைரசு காய்ந்த இலையிலும் சுருட்டிலும் உயிர்ப்போடு கிடக்கும். கையால் கன்றுக்குத் தொற்றும். தொற்றினால் இலை பச்சையும் மஞ்சளுமாகத் திட்டுத்திட்டாகப் போகும்.

புகையிலைக்கு ஒன்றுவிட்ட சகோதரம் மாதிரி ஒரு காட்டுச் செடி உண்டு. அதில் இந்த வைரசைத் தேய்த்தால் செடி முழுக்கப் பரவாது. தேய்த்த இடத்தில் மட்டும் சின்னப் பொட்டு விழும், அவ்வளவுதான். அமெரிக்காவில் ஹோம்ஸ் என்பவர் 1929 இல் இதைக் கவனித்தார். 1938 இல் அந்தக் குணத்தைக் கலப்புச் செய்து பயிர்ப் புகையிலைக்குக் கொண்டுவந்தார். ஒரேயொரு பரம்பரையலகு. அதற்கு என் என்று ஒற்றை எழுத்துப் பெயர். 1994 இல் கலிபோர்னியாவில் அதைப் பிரித்தெடுத்து வாசித்தார்கள். அது ஒரு காவல் புரதத்தின் வரைபடம். கலத்துக்குள் இருந்து, அந்த வைரசின் ஒரு துண்டைக் கண்டால் மணி அடிக்கிற புரதம். ஒரு செடியில் இப்படி நூற்றுக்கணக்கான காவல் புரதங்கள் இருக்கலாம். ஒவ்வொன்றும் குறிப்பிட்ட சிலரைத்தான் அடையாளம் காணும்.

இன்னொரு புதினம். இந்தக் காவல் 28 பாகை வெப்பத்துக்கு மேல் வேலை செய்யாது. அதற்கு மேல் சூடானால் பொட்டு விழாது, வைரசு செடி முழுக்கப் போய்விடும். சூடு குறைந்ததும் காவல் விழித்துக்கொள்ளும். அப்போது வைரசு இருக்கிற இடமெல்லாம் கலங்கள் சாகும். அதாவது முழுச் செடியுமே. பூமி சூடாகிற காலத்தில் இது சின்ன விசயமில்லை.

மணி அடித்தபின் என்ன நடக்கிறது? 2019 இல் சீன ஆய்வாளர்கள் ஒரு காவல் புரதத்தின் வடிவத்தைப் படமெடுத்துக் காட்டினார்கள். எதிரி வந்ததும் அந்தப் புரதங்களில் ஐந்து ஒன்றுசேர்ந்து ஒரு சில்லு மாதிரி அமைகின்றன. அதன் நடுவிலிருந்து ஒரு புனல் நீட்டிக் கலத்தின் மென்சவ்வில் குத்துகிறது. அந்த ஓட்டையால் கல்சியம் உள்ளே பாய்கிறது. ஐதரசன் பரவொட்சைட்டுப் பெருகுகிறது. பார்மசியில் காயம் கழுவ வாங்குகிற அதே சாமான். அது பக்கத்துக் கலச்சுவர்களை இறுக்க உதவுகிறது. கலத்தின் நடுவில் இருக்கிற பெரிய நீர்ப்பை உடைகிறது. சில மணித்தியாலத்தில் கலம் முடிந்துவிடும்.

சாகிற கலம் சும்மா சாவதில்லை. அயலுக்குச் சொல்லிவிட்டுத்தான் சாகிறது. இந்தப் பகுதியில் சுவிஸ் நாட்டுக்குப் பெரிய பங்குண்டு. பாசலில் அப்போது இருந்த சிபா-கைகி நிறுவனத்தின் ஆய்வுகூடத்திலும் பிறிபூர்க் பல்கலைக்கழகத்திலும் வேலை செய்த ழான்-பியர் மெத்ரோவும் கூட்டாளிகளும் 1990 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வெள்ளரிச் செடியின் ஒரு இலையில் நோயைப் போட்டால், அதன் சாற்றில் சலிசிலிக் அமிலம் ஏறுகிறது. பிறகு நோயே படாத மற்ற இலைகளும் எதிர்ப்புச் சக்தி பெறுகின்றன. சலிசிலிக் அமிலம் வேறொன்றுமில்லை. தலையிடிக்குப் போடுகிற அஸ்பிரினின் நெருங்கிய சொந்தம். ஒரு இலையின் இழப்பு மற்ற இலைகளுக்குப் பாடமாகிறது. இதைப் பின்பற்றி, செடியை முன்கூட்டியே உசார்ப்படுத்துகிற ஒரு மருந்தையும் அந்த நிறுவனத்தார் தயாரித்து 1996 இல் பியோன் என்ற பெயரில் சந்தைக்கு விட்டார்கள். அது கிருமியைக் கொல்கிற மருந்தல்ல, செடியை விழிக்க வைக்கிற மருந்து.

இவ்வளவும் சொன்னால் ஆருக்கும் ஒரு கேள்வி வரவேண்டும். இப்படிச் சாகத் தொடங்கினால் எங்கே நிற்கும்? பக்கத்துக் கலமும், அதற்குப் பக்கத்துக் கலமும் என்று போய்விடாதா?

போகும். தடை இல்லாவிட்டால் போகும். அரபிடொப்சிசு என்று ஒரு சின்னக் களைச்செடி இருக்கிறது. ஆய்வாளர்களுக்கு அது எலி மாதிரி. அதில் ஒரு பரம்பரையலகு பழுதான செடியை 1994 இல் விவரித்தார்கள். ஒரு பொட்டு விழும், நிற்காது. விரிந்து விரிந்து முழு இலையையும் தின்றுவிடும். நோய் வரவேண்டும் என்றுகூட இல்லை. பகல் நீண்டு வெளிச்சம் கூடினாலே போதும், தொடங்கிவிடும். நல்ல செடியில் அந்தப் பரம்பரையலகு செய்கிற வேலை பிரேக் பிடிப்பது. ஆகவே செடியிடம் இரண்டு கட்டளை இருக்கிறது. ஒன்று "சா" என்பது. மற்றது "இவ்வளவு போதும்" என்பது. நான் படித்ததில் எனக்குப் பெரிதாகப் பட்டது இந்த இரண்டாவது. சாகத் தெரிவதைவிட நிறுத்தத் தெரிவதுதான் செடியைக் காப்பாற்றுகிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தச் சாவை எதிரியும் பயன்படுத்துவான். 1940களில் அமெரிக்காவில் விக்ரோரியா என்ற ஓட்ஸ் இனத்திலிருந்து துருநோயைத் தாங்குகிற ஒரு குணத்தை எடுத்துப் புதிய இனங்களை உண்டாக்கி, பெரும்பரப்பில் விதைத்தார்கள். துருநோய் நின்றது. கொஞ்ச வருசத்தில் வேறொரு பங்கசு வந்தது. அது உயிருள்ள கலத்தை நம்பியிருப்பதல்ல, செத்த கலத்தைத் தின்று வாழ்வது. அது ஒரு நஞ்சைச் சுரந்து செடியின் சாவுக் கட்டளையைத் தானே தட்டிவிட்டது. செடி, எதிரியைப் பட்டினி போடுகிறேன் என்று நினைத்துக் கலங்களைச் சாகவிட, எதிரிக்கு அதுவே சாப்பாடு. வயல் வயலாக அழிந்தது. துருநோயைத் தாங்குகிற குணத்தையும் இந்தப் பலவீனத்தையும் பிரிக்க முயன்றவர்களால் பிரிக்க முடியவில்லை.

இதைக் கேட்டதும் சிலர் முகத்தில் ஒரு யோசனை ஓடுவது எனக்குத் தெரிகிறது. உங்கள் மனதில் ஓடுவது என் மனதிலும் ஓடியதுதான். ஆனால் தயவுசெய்து இலையின் கதையை மனிதருக்குப் பொருத்த வேண்டாம். கலத்துக்குத் தாய் இல்லை. அது செத்த இடத்தில் ஒரு பொட்டுத்தான் மிஞ்சும். எங்கட பிள்ளையள் கலங்கள் இல்லை.

நோய் தவிர வேறு நெருக்கடிகளிலும் செடி இதே உபாயத்தைக் கையாள்கிறது. வன்னியில் வயல் செய்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். வெள்ளம் நிற்கிற வயலில் நெல்லு எப்படி மூச்சு விடுகிறது? வேரைக் குறுக்கே வெட்டி உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். உள்ளே பெரிய பெரிய காற்றறைகள். அவை எப்படி வந்தன? அந்த இடத்தில் இருந்த கலங்கள் திட்டப்படி செத்துக் கரைந்துபோய் இடம் விட்டன. அந்த வழியால் இலையிலிருந்து ஒட்சிசன் வேர் நுனிவரை இறங்குகிறது. நெல்லு இதைச் சாதாரணமாகவே செய்யும், தண்ணி தேங்கினால் கூடுதலாகச் செய்யும். சோளத்தின் வேரில் இதற்குச் சைகை கொடுப்பது எதிலீன் வாயு என்று காட்டியிருக்கிறார்கள். வாழைக்குலையைப் பழுக்க வைக்கிற அதே வாயு. வெள்ளத்தில் அது வெளியே போக வழியில்லாமல் வேரைச் சுற்றித் தேங்கும்போது, வேர் அதைத் தண்ணி வந்த செய்தியாக எடுத்துக் கொள்கிறது.

பிள்ளைகளுக்கு ஒன்று. இங்கே ஐப்பசி மாதம் மரமெல்லாம் மஞ்சளும் சிவப்புமாக மாறுவதைப் படம் எடுக்கிறீர்கள். அதுவும் திட்டமிட்ட சாவுதான். குளிரில் இலை தானாகக் கருகி விழுவதில்லை. குளிர் வரமுதல் மரம் இலையில் இருக்கிற புரதத்தை உடைத்து, அதில் உள்ள நைதரசனைத் தண்டுக்கும் வேருக்கும் இழுத்து எடுக்கிறது. வீட்டைவிட்டுப் போகமுதல் சாமான்களை எடுத்து வைக்கிற மாதிரி. பச்சையம் எங்கே போகிறது என்று பல காலம் தெரியாமலே இருந்தது. சூரிச் பல்கலைக்கழகத்தில் பிலிப் மற்றீலும் சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேர்ன்ஹார்ட் குரொய்ற்லரும் கூட்டாளிகளும் 1991 இல் அதன் தடத்தைப் பிடித்தார்கள். பச்சையம் நிறமே இல்லாத ஒரு பொருளாக மாற்றப்பட்டுக் கலத்தின் நீர்ப்பைக்குள் ஒதுக்கி வைக்கப்படுகிறது. நிறமில்லாததால்தான் அவ்வளவு காலம் ஒருவர் கண்ணிலும் படவில்லை. பச்சையத்தை அப்படியே அவிழ்த்து விட்டால் வெளிச்சம் பட்டு அது கலத்துக்கு நஞ்சாகிவிடும், இலை வேலை முடியமுதலே கருகிவிடும். அதனால் கவனமாகக் கழற்றுகிறது. சாவதிலும் ஒரு ஒழுங்கு இருக்கிறது.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விசயம். இந்தக் காவல் பரம்பரையலகுகள் எங்கே கிடைக்கும்? மனிதன் அவற்றைப் புதிதாகப் படைத்ததில்லை. பழைய விதைகளிலும் காட்டுச் செடிகளிலும் தேடித்தான் எடுத்தான். கோப்பிக்கும் அப்படித்தான். 1927 அளவில் திமோர்த் தீவில் ஒரு கோப்பித் தோட்டத்தில் துரு பிடிக்காத மரம் ஒன்று கண்டார்கள். அரபிக்காவும் றொபஸ்ராவும் தானாகவே கலந்து பிறந்தது. அதன் இலையில் பங்கசு புகுந்தால் அந்த இடத்துக் கலம் சாகும். போர்த்துக்கலில் இருந்த கோப்பித் துருநோய் ஆராய்ச்சி நிலையத்தில் 1959 இல் அதன் பரம்பரையிலிருந்து கற்றிமோர் என்ற இனத்தை உண்டாக்கினார்கள். இன்று உலகத்தில் துருவைத் தாங்குகிற அரபிக்காக் கோப்பியில் பெரும்பங்கு அந்த ஒற்றை மரத்தின் வழிவந்தது. ஆனால் பங்கசும் சும்மா இருப்பதில்லை. காவற்காரன் கண்ணில் படாத மாதிரி உருவம் மாற்றும். கற்றிமோரின் எதிர்ப்பும் சில இடங்களில் முறிந்திருக்கிறது. 2012 இல் மத்திய அமெரிக்காவில் துருநோய் பெருகி, தோட்டத்தில் கூலிவேலை செய்த சனம் வேலை இல்லாமல் நின்றது. மடுல்சீமையில் தொடங்கிய கதை இன்னும் முடியவில்லை.

கோதுமைக்குச் சூரிச்சில் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். சூரிச் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பேற் கெல்லரின் ஆய்வுக்குழு, சாம்பல்நோயைத் தாங்குகிற ஒரு காவல் பரம்பரையலகின் புதிய வடிவங்களைத் தேடி, விதைக் களஞ்சியங்களில் கிடந்த 1,320 நாட்டுக் கோதுமை வகைகளைப் பரிசோதித்தது. அவற்றில் ஏழு புதிய வடிவங்கள் கிடைத்தன. 2009 இல் வெளியிட்டார்கள். ஏதோ ஒரு ஊரில், எழுத வாசிக்கத் தெரியாத ஒரு கமக்காரி அடுத்த போகத்துக்கென்று எடுத்து வைத்த விதைதான் அது. அவ எடுத்து வைக்காவிட்டால் சூரிச்சில் எந்தக் கருவியாலும் அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

இந்த நாட்டில் பழைய இனங்களைக் காப்பதற்கென்று 1982 இல் புரோஸ்பேசியேறாறா என்ற ஒரு அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். சாதாரண சனம் தங்கள் தோட்டத்தில் ஒவ்வொரு பழைய இனத்தைப் பொறுப்பெடுத்து, வருசா வருசம் விதை எடுத்து வைக்கிறார்கள். எங்கட சனமும் செய்யலாம். தோட்டத்துண்டு வைத்திருக்கிற குடும்பங்கள் இங்கே எத்தனையோ இருக்கின்றன. ஒரு குடும்பம் ஒரு போஞ்சி, ஒரு குடும்பம் ஒரு கீரை என்று எடுத்தால் போதும். ஊரில் உள்ள சொந்தங்களிடமும் சொல்லுங்கள்: கடை விதை வாங்குங்கோ, வேண்டாம் என்று சொல்லேல்லை, ஆனால் ஆச்சி வைத்திருந்த கத்தரி விதையை எறியாதையுங்கோ.

அதோடு ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஊரால் வரும்போது பெட்டிக்குள் கறிவேப்பிலைக் கன்றும் முருங்கைக்காயும் கொண்டுவருகிற பழக்கம் எங்களிடம் இருக்கிறது. 2020 தை மாதம் முதலாம் திகதியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயுள்ள நாடுகளிலிருந்து செடி, விதை, மரக்கறி, பழம் கொண்டுவருவதென்றால் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். அன்னாசி, தேங்காய், வாழைப்பழம், பேரீச்சம்பழம், துரியன் என்ற ஐந்துக்கு மட்டும் விலக்கு. விமான நிலையத்தில் பறித்துக் குப்பையில் போடும்போது எங்களுக்குக் கோபம் வருகிறது. எனக்கும் வந்தது. ஆனால் யோசியுங்கள். நாங்கள் அறியாமல் கொண்டுவருகிற ஒரு வித்தியை இங்கத்தைச் செடி முன்பின் கண்டதில்லை. அடையாளம் காணக் காவல் இல்லை. அழிப்பவள் இலங்கைக்கு வந்தபோதும் அதுதான் நடந்தது. அதில் அழிந்தவன் துரை மட்டுமில்லை.

இன்று கூட்டம் முடிய எல்லோரும் பின்னுக்குப் போய்க் கோப்பி குடிக்கப் போகிறோம். அந்தக் கோப்பி எங்கோ ஒரு மலையில் விளைந்தது. அந்த மரத்தின் இலையிலும் ஊசிமுனைப் பொட்டுகள் இருந்திருக்கலாம். இருந்திருந்தால் அது நல்ல அடையாளம்.

போஞ்சி விதை தந்த அந்த அம்மா இந்த மாசியில் காலமாகிவிட்டா. அவவின் பிள்ளைகள் தூரத்தில் இருக்கிறார்கள், தோட்டத்துண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவவின் தாயாரின் போஞ்சி இப்போது என் வீட்டில் ஒரு கண்ணாடிப் போத்தலுக்குள் மட்டும்தான் இருக்கிறது. இன்றைக்கு அதில் கொஞ்சத்தைச் சின்னச் சின்னக் கடதாசிப் பொட்டலமாகச் சுற்றிக் கொண்டுவந்திருக்கிறேன். கதவடியில் மேசையில் இருக்கிறது. ஒரு வீட்டுக்கு ஒன்று எடுங்கள். வைகாசி நடுப்பகுதியில், பனிக்குளிர் போனபிறகு நடுங்கள். இலையில் கபிலப் பொட்டு விழுந்தால் பயந்து பிடுங்க வேண்டாம். ஆறேழு காயை முற்றவிட்டு, விதை எடுத்து, அடுத்த வருசம் இன்னொருவருக்குக் கொடுங்கள்.